சளி, இருமல், காய்ச்சல் உண்டா?

ஜூன் 9, ஞாயிறு

டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. இத்தனை நாளாக டீத் தம்ளரை வைக்கத்தான் பயன்பட்டது. ஜனவரிப் பக்கங்கள் எல்லாம் வட்ட வட்டமாகக் கறை. "ஒரு மாசம் ஆஸ்பத்திரில கெடக்கணும். எதையாவது எழுதிக்கிட்டு இரி. இல்லன்னா ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் சண்ட பிடிப்ப" என்று சொல்லி இவர்தான் பையில் வைத்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் இசக்கிராஜ். பாளையங்கோட்டையில் பேக்கரி மாஸ்டர். நான் வடிவு. அதே ஊரில் பெண்களுக்கு ஸ்கூட்டரும் காரும் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். சண்டை பிடிப்பது என் தொழிலில் பாதி.

காலையில் எழும்பூரில் இறங்கினோம். தாமிராவுக்கு ரயில் பிடித்திருந்தது. நாலரை வயது. இருபத்தேழாவது வாரத்திலேயே அவசரப்பட்டு வெளியே வந்தவள். இரண்டு மாதம் வாய்க்குள் குழாய் வைத்து மூச்சு கொடுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் அந்தக் குழாய் உரசிய இடத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழல் தழும்பாகிச் சுருங்கிவிட்டது. அதனால் கழுத்தில் ஓட்டை போட்டு, அதில் ஒரு சின்னக் குழாய். நாலு வருஷமாக அதன் வழியாகத்தான் மூச்சு. காற்று குரல்வளைக்குப் போகாததால் சத்தம் வராது. ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டுவாள். கவனிக்காவிட்டால் நம் தொடையைத் தட்டுவாள். அதற்கும் கவனிக்காவிட்டால் கடி.

புதன்கிழமை ஆபரேஷன். எனக்குப் பயம் ஒன்றும் கிடையாது.

ஜூன் 10, திங்கள்

டாக்டர் மைதிலி விளக்கினார். விலா எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பில் ஒரு துண்டு வெட்டி, சுருங்கிய மூச்சுக்குழலைக் கீறி, நடுவில் வைத்துத் தைப்பார்களாம். இறுக்கமான ஜாக்கெட்டைப் பக்கத்தில் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைப்பது மாதிரி. சொன்னேன். "கரெக்ட்டா சொல்லிட்டீங்களே" என்றார். கழுத்து ஓட்டையையும் அன்றைக்கே மூடிவிடுவார்கள்.

"ஆபரேஷன் பாதி வேலைதாம்மா. மீதிப் பாதி அதுக்கப்புறம் ஒரு வாரம்" என்றார். ஒட்டு வைத்த இடம் ஆறும்வரை மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள். அந்த ஒரு வாரத்தில் என்னென்ன கெட்டுப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குழாய் நழுவலாம், சளி கட்டி அடைக்கலாம். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி ஒட்டை அரிக்கலாம். நுரையீரலில் ஒரு பகுதி சுருங்கிப் போகலாம். கிருமி தொற்றலாம். எல்லாம் சரியாகப் போய்க் குழாயை எடுத்த பிறகும், உள்ளே சதை வளர்ந்து மறுபடி அடைக்கலாம்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது சளி, இருமல்னா உள்ள வரக்கூடாது. மறைக்காம சொல்லணும். நமக்குச் சாதாரண ஜலதோஷம், அவளுக்கு அது வேற கதை."

இவர் 'சதை வளரலாம்' என்ற இடத்திலேயே நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். பாவம், ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே வியர்க்கும் ஆள். தாமிராவின் கழுத்துக் குழாயில் சளி உறிஞ்சும் வேலையை நாலு வருஷத்தில் ஒருநாள்கூடச் செய்ததில்லை. கை நடுங்குதாம். ஐநூறு பன்னுக்கு மாவு பிசையும்போது நடுங்காத கை.

ஜூன் 11, செவ்வாய்

நாத்தனார் சண்முகக்கனி போன் செய்தாள். பதினோரு பேராகக் கிளம்பி வந்து, பிள்ளை முகத்தில் திருநீறு ஊதிவிட்டுப் போகிறார்களாம். ரயில் எல்லாம் ரத்து என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அதற்கு நடுவில் நான் நாலு புடவை துவைத்தேன். அவற்றில் இரண்டு ஏற்கெனவே துவைத்து மடித்தவை.

"நல்லபடியா முடிஞ்சுது. ஒட்டு அழகா உக்காந்துடுச்சு."

ஐசியூவில் பார்த்தேன். முகம் வீங்கி, அவங்க அத்தை சண்முகக்கனி மாதிரி இருந்தாள். மூக்கில் குழாய். கை தானாக மடங்கிக் குழாயை இழுத்துவிடாதபடி, இரண்டு முழங்கையிலும் பஞ்சு வைத்த மட்டை கட்டியிருந்தார்கள். கழுத்தில் கட்டு. நான் அழவில்லை. ஏசி நேராகக் கண்ணில் அடித்தது.

ஜூன் 13, வியாழன்

ஐசியூவுக்குப் பொறுப்பு சிஸ்டர் புளோரா. நாகர்கோவில் பக்கம். ஐந்தடி உயரம் இருந்தாலே அதிகம். ஆனால் பெரிய டாக்டர்களே அவரைப் பார்த்தால் கையைக் கழுவிக்கொள்கிறார்கள்.

வாசலில் தினமும் ஒரே கேள்வி. "சளி, இருமல், காய்ச்சல் உண்டா?" இல்லை என்றால் நோட்டில் கையெழுத்து. பிறகு முழங்கை வரைக்கும் சோப்பு. நேற்று நான் சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று திருப்பி அனுப்பினார். "இன்னொரு தடவ. விரலுக்கு இடையில தண்ணி காட்டுனா போதாது, தேய்க்கணும்." நாற்பது பேருக்கு நான் சொல்லிக் கொடுக்கிற தோரணை. எனக்கே சொன்னால் எரிகிறது.

மூக்குக் குழாயில் சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கிறது. மூக்கு நுனியில் பதினேழு நிற்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை ஒரு நர்ஸ் குனிந்து பார்த்து "பதினேழு" என்று உரக்கச் சொல்கிறாள், இன்னொருத்தி எழுதுகிறாள். திருப்பிப் படுக்க வைக்க மூன்று பேர். ஒருத்திக்குத் தலையும் குழாயும் மட்டும்தான் வேலை. வயிற்றுப் புளிப்பு ஏறாமல் மருந்து, கட்டிலின் தலைப்பக்கம் உயரம். கோயில் தேரை இழுக்கிறவர்களிடம்கூட இந்த ஒழுங்கைப் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கைக்குழந்தை. இதய ஆபரேஷனாம். அதன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

தொண்டையில் லேசாக முள் குத்துகிற மாதிரி. இங்கே எங்கு பார்த்தாலும் ஏசி.

மயக்கம் கொஞ்சம் தெளிந்தபோது தாமிரா கண்ணைத் திறந்தாள். திறந்ததும் எழும்பப் பார்த்தாள். மிஷின்கள் எல்லாம் ஒரேயடியாகக் கத்தின. நான் அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, "ஏட்டி, அம்மா இங்கதான் இருக்கேன், படு" என்றேன். படுத்தாள். கூடுதல் மயக்க மருந்து கொடுக்கத் தேவைப்படவில்லை. "நீங்க இருக்கது நல்லதாப் போச்சு" என்று நர்ஸ் பெண்ணே சொன்னாள். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

வாசலில் வழக்கமான கேள்வி. வழக்கமான பதில்.

ஜூன் 15, சனி

தூசி. எதிரே ஏதோ கட்டடம் இடிக்கிறார்கள். மூக்கு ஒழுகுகிறது. மிளகு போட்ட வெந்நீர் இரண்டு தடவை குடித்தேன். மாஸ்க் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன், எனவே அதில் ஒன்றுமில்லை. தும்மல் வந்தபோது வெளியே ஓடிவிட்டேன், எனவே அதிலும் ஒன்றுமில்லை.

நான் போகாவிட்டால் யார் போவது? இவரா? நேற்று ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கொரலு ஒரு மாதிரி இருக்கே, வடிவு" என்றார்.

"உங்க காது ஒரு மாதிரி இருக்கு" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

காய்ச்சல். தாமிராவுக்கு. நூற்றியிரண்டு.

*

மதியம். மேலே எழுதியதற்குப் பிறகு நடந்தது.

காய்ச்சல் ஏறியதோடு ஆக்சிஜன் அளவும் இறங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதி சுருங்கியிருக்கிறதாம். டாக்டர் மைதிலி எல்லோரையும் பொதுவாகக் கேட்டார்: "ஸ்டாஃப்ல யாருக்காவது சளி இருக்கா? விசிட்டர்ஸ்?" நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சின்ன நர்ஸ் ஒருத்தி, காலையில் இருமினாள் போலிருக்கிறது, "எனக்கு இல்ல மேடம், தண்ணி புரையேறிச்சு" என்று அழுகிற குரலில் சொன்னாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழு படிகள். ஏழும் மனப்பாடம்.

பிறகு சிஸ்டர் புளோராவைத் தேடிப் போனேன். மருந்து அறையில் தனியாக இருந்தார்.

"சிஸ்டர், எனக்குச் சளி."

நிமிராமல் கேட்டார். "எப்பம் இருந்து?"

"வெள்ளிக்கெழம."

"மூணு நாளு." கையிலிருந்த ஊசி டப்பாவைக் கீழே வைத்தார். "மூணு நாளும் நான் கேட்டேன். மூணு நாளும் நீங்க நோட்டுல ஒப்பு வச்சிய."

"நான் இல்லன்னா அவ அடங்க மாட்டா சிஸ்டர். மாஸ்க்கு ரெண்டு போட்டுத்தான்…"

"அடுத்த கட்டில்ல அம்பது நாள் பிள்ள கெடக்கு. நெஞ்சத் தொறந்து தச்சிருக்கு. அதுக்க அம்மைக்கு நான் என்ன சொல்லணும்? அதையும் நீங்களே சொல்லித் தாருங்க."

இருபது வருஷமாக என்னிடம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. சத்தம்கூடப் போடாமல் ஜெயித்துவிட்டார். அந்தக் குழந்தை இருப்பதே எனக்கு மூன்று நாளாக ஞாபகம் இல்லை. அதன் அம்மாவைப் பார்த்துத் தினமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். தாமிராவின் சளியையும், அந்தக் குழந்தையின் சளியையும் சோதனைக்கு அனுப்பினார்கள். சளி முழுசாக நிற்கும்வரை நான் அந்த மாடிப்பக்கமே வரக் கூடாது. "உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

"அவரு மயங்கி விழுந்துருவாரு சிஸ்டர்."

"விழட்டு. தூக்கிவிடுகதுக்கு ஆளு இருக்கு."

ஜூன் 17, திங்கள்

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச். இனி என் வீடு இது. ஒருத்தர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் பத்து நிமிஷம் திணறினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் நிலைமை அப்படி.

இவருக்குப் பதினாலு குறிப்பு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நெற்றியில் கை வைக்கணும், வலது கை. பேசிக்கொண்டே இருக்கணும். மூக்குக் குழாயைப் பார்க்க வேண்டாம், மயக்கம் வரும். இப்படி. காகிதத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம்.

ஒரு மணி நேரம் என்று போனவர் நாலு மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். விழவில்லை.

"என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யல. கால் பெருவிரலப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"பேசுனியளா?"

"என்னத்தப் பேச?"

"எந்திரிச்சாளா?"

"கண்ணு முழிச்சா. பாத்தா. திருப்பியும் தூங்கிட்டா."

அவ்வளவுதான். நாலு மணி நேரத்துக்கு அவ்வளவுதான் செய்தி. இந்த மனுஷனிடம் கதை கேட்பதற்குப் பதில் அந்தப் பெஞ்சிடம் கேட்கலாம்.

பிறகு துருவித் துருவிக் கேட்டதில் வந்தது: பிசியோதெரபி பெண் வந்து, நெஞ்சில் கையைக் குவித்துத் தட்டித் தட்டி, குழாய் வழியாக உறிஞ்சியபோது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கெட்டிச் சளி வெளியே வந்ததாம். அதுதான் அடைத்துக்கொண்டிருந்ததாம். ஆக்சிஜன் உடனே ஏறியது. இவர் அதையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நின்றுகொண்டு.

ஜூன் 18, செவ்வாய்

சோதனை முடிவு வந்தது. எனக்குச் சாதாரண ஜலதோஷக் கிருமி. தாமிராவுக்கு அது இல்லை. அந்தக் கைக்குழந்தைக்கும் இல்லை. காய்ச்சலும் நூறுக்குக் கீழே வந்துவிட்டது.

சிஸ்டர் புளோராவே போனில் சொன்னார். நான் உற்சாகத்தில், "அப்பம் என்னால வரல, இல்லயா சிஸ்டர்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"வரல. அதுக்காவ நீங்க செய்தது சரின்னு ஆயிராது, பாத்துக்கிடுங்க" என்றவர், "அந்தச் சின்ன நர்ஸ் பொண்ணு அண்ணைக்கு ஒரேயடியா அழுதுட்டு இருந்தா. நீங்க வந்து சொன்னதுக்கப்புறந்தான் சோறு தின்னா" என்றார். இது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

டீ குடிக்கும்போது இவரிடம் உண்மையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையிலிருந்தே சளி இருந்தது, பொய் சொல்லித்தான் உள்ளே போனேன் என்று. டீயை ஊதிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்பம் தெரியும்?"

"வெள்ளிக்கெழமையே. முந்தான ஈரமா இருந்துச்சு."

"பெறவு ஏன் சொல்லல?"

டீ மேல் படிந்த ஆடையை விரலால் எடுத்துப் போட்டார். பிறகு சொன்னார். "நீ வெளிய வந்துட்டா நான் உள்ள போவணுமே, வடிவு."

கிளாஸைத் தூக்கி எறியலாமா என்று பார்த்தேன். கடைக்காரருடைய கிளாஸ். வைத்துவிட்டேன். ஒரு பெஞ்சில் இரண்டு குற்றவாளிகள். மீதி டீயைக் குடித்தோம்.

ஜூன் 19, புதன்

இன்று குழாயை எடுத்தார்கள்.

முதலில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒட்டு ரோஸ் நிறத்தில் ஒட்டிப் பிடித்திருக்கிறதாம். வீக்கம் வராமலிருக்க நேற்றே ஊசி போட்டிருந்தார்கள். பிறகு ஐசியூவுக்கே கொண்டுவந்து, பதினொன்றரைக்குக் குழாயை உருவினார்கள். இவர் மேலே. நான் கீழே. போனைக் காதில் வைத்து ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் வெறும் மிஷின் சத்தம். இவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மறந்துவிட்டார்.

பிறகு கேட்டது. பழைய கதவின் கீல் மாதிரி, கர்ரென்று ஒரு சத்தம். ஏதோ மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து, சட்டைப்பைக்குள் கேட்கும்படி கத்தினேன்.

"ஏங்க! என்ன சத்தம் அது? டாக்டரக் கூப்பிடுங்க!"

"தாமிராதாம்" என்றார்.

ஜூன் 20, வியாழன்

மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். ஒரு வாரம் அதிலேயே கிடந்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் கேட்காதாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமில்லை, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். மருந்து காரணம் என்கிறார்கள். பாதி என் ரத்தம்.

ஜூன் 22, சனி

மூக்கு காய்ந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. சிஸ்டர் புளோரா வார்டு வாசலில் என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, "போங்க" என்றார்.

ஆறு நாள் கழித்துப் பார்க்கிறேன். மூக்கில் குழாய் இல்லை. கழுத்திலும் இல்லை, ஒரு சின்னப் பிளாஸ்திரி மட்டும். எலும்பும் தோலுமாக, தலை மட்டும் பெரிதாக, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி தாமிரா" என்றேன்.

பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் கைப் பெருவிரலை மட்டும் விடவில்லை.

நியாயம்தானே. ஆறு நாள் ஆளைக் காணவில்லை என்றால் யாருக்கும் கோபம் வரும். எனக்கு ஒன்றுமில்லை. கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டேன். தண்ணீராக எதைக் கொடுத்தாலும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், அதனால் இப்போதைக்கு எல்லாம் கெட்டியாக. தாடையைக் குனிய வைத்து, அரைக் கரண்டி, விழுங்கினாளா என்று பார்த்து, அடுத்த அரைக் கரண்டி. கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்று மூன்று கரண்டி என் கையால். நாலாவதை என் மேல் துப்பினாள். சமாதானம்.

ஜூன் 27, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். இன்னும் ஒரு தடவை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். சதை வளர்வதாக இருந்தால் இந்த நாட்களில்தான் வளருமாம். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம், நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தல், காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் உடனே ஓடி வரவேண்டும். நான் அவள் நெஞ்சுக்குழியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் சட்டையை இழுத்து மூடிக்கொள்கிறாள்.

சண்முகக்கனி வந்துவிட்டாள். நல்லவேளை, பதினோரு பேரில் ஒருத்தி மட்டும். கதவருகே நின்று, "தொண்ட கட்டிருக்கு, ரயில்ல ஐஸ்கிரீம் தின்னேன், வேற ஒண்ணுமில்ல மதினி" என்றாள். அந்த 'ஒண்ணுமில்ல' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

"உள்ள வராத" என்றேன்.

"கூடப் பெறந்த அண்ணன் பிள்ளையப் பாக்கக் கூடாதுங்கியா?"

"ஜன்னல் வழியாப் பாரு. நானும் அப்படித்தான் கெடந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே நின்று, காற்றடிக்கிற திசை பார்க்காமல் திருநீற்றை ஊதினாள். முழுக்க அவள் முகத்திலேயே வந்து விழுந்தது. தாமிரா சிரித்தாள். கர், கர் என்று. சண்முகக்கனி அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "மதினி, சத்தம் வருது, மதினி" என்றாள். அழுதாள். அவளை எனக்குப் பிடித்துப்போன முதல் நாள் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 3, புதன்

கேமரா நாள். நேற்று ராத்திரியிலிருந்தே ஒன்றும் கொடுக்கக் கூடாது. எட்டு மணிக்கு என்றார்கள், பத்தரை ஆகியும் கூப்பிடவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் எதிர் வரிசையில் ஒரு பையன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். தாமிரா பார்த்தாள். கையைத் தட்டினாள். கிடையாது என்றேன். என் தொடையைத் தட்டினாள். கிடையாது என்றேன். கடிக்கப் போகிறாள் என்று கையை இழுத்துக்கொண்டேன். கடிக்கவில்லை. வாயைத் திறந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். இரண்டு வாரம் முன்னால் கிடைத்த அந்த ஓட்டைக் குரலில், கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி. தரையில் புரண்டாள். இவர் தூக்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தாள். அழுகை ஏறிக்கொண்டே போனது. நான் நெஞ்சுக்குழியைப் பார்த்தேன். உள்ளே இழுக்கவில்லை. விசில் இல்லை. வெறும் அழுகை.

பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மடித்து வைத்தார்.

"ஏம்மா, கொஞ்சம் கொழந்தைய அடக்கக்கூடாதா? எல்லாரும் உக்காந்திருக்கோம்ல."

வேறு நாளாக இருந்தால் அந்தப் பெரியவர் பேப்பரோடு கீழே போயிருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"ரொம்பச் சத்தம் போடுதாளா?"

"தகரத்தத் தரையில இழுக்கற மாதிரி இருக்கும்மா. காது கிழியுது."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.